பெரியப்பா அம்பாசிடருக்கு பின் ஆக்சில் மாத்தின கதை

அம்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ஆரம்பிக்கும். பின்சீட்டுக்கு அடியில இருந்து ஊஊன்னு ஒரு ஊளை, எழுபது வரைக்கும் கூடவே வரும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா அப்டியே அடங்கும், திரும்ப மிதிச்சா திரும்ப ஊளை. ரெண்டு வருஷமா இந்த சத்தத்தோட தான் எங்க வண்டி சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் நடுவுல ஓடிக்கினு இருந்துச்சு. பெரியப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு வயசு, காது மந்தம், பக்கத்துல நின்னு பேசினாலும் ரெண்டு வாட்டி சொல்லணும், ஆனா பின்சீட்ல உக்காந்த மொத நாளே "கிரவுன் அழுவுதுடா"ன்னு சொல்லிட்டாரு. கிரவுன்னா பின் ஆக்சிலுக்குள்ள இருந்து சக்கரத்த சுத்த விடற பெரிய பல்சக்கரம். காதால கேட்டாரா முதுகால கேட்டாரான்னு தெரியல.

வண்டி 1972 மாடல், மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இஞ்சின், ஸ்டியரிங்குக்கு கீழ கை கியர். பெரியப்பா இத்த வச்சிக்கினு இருவது வருஷத்துக்கு மேல காட்பாடி ஜங்ஷன்ல டாக்ஸி ஓட்டுனாரு. கல்கத்தா பக்கத்துல இருந்து, அசாம்ல இருந்து, வங்கதேசத்துல இருந்தெல்லாம் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ராத்திரி ரயில்ல எறங்குவாங்க, கையில எக்ஸ்ரே கவரு, தோள்ல தூங்கற கொழந்த, அவங்கள ஏத்திக்கினு பாலாத்து பாலத்த தாண்டி ஆஸ்பத்திரி வாசல்ல விடறது தான் இந்த வண்டியோட பொழப்பு. அவங்க கிட்ட பேசிப் பேசியே பெரியப்பா ஓரளவு பெங்காலி கத்துக்கினாரு. இந்த காரு பொறந்ததும் அவங்க ஊரு பக்கம் தான், ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாரா. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டிய எடுத்துக்கினு வந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்க செஞ்சாங்க. 2014 மே மாசம் அந்த லைன் நின்னு போச்சு. அன்னிக்கு வந்த பேப்பர பெரியப்பா இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்காரு.

பின்னாடி சத்தம் வருதுன்னா ஒடனே எல்லாத்தயும் கழட்டக்கூடாது, மொதல்ல எது கத்துதுன்னு கண்டுபிடிக்கணும். வீல் பேரிங் போயிருந்தா வண்டிய ஒரு பக்கம் வளைக்கும்போது எதிர்பக்கம் எடை ஏறி சத்தம் மாறும், நேரா ஓட்டும்போது கால எடுத்தாலும் மிதிச்சாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்கு போற தண்டு ப்ரொப்பல்லர் சாஃப்ட், அதோட மூட்டுல இருக்கற யூ ஜாயின்ட் க்ராஸ் தேஞ்சிருந்தா கிளட்ச் விடும்போது டொக்குனு ஒரு அடி அடிக்கும். இழுக்கும்போது மட்டும் ஊளை விட்டுட்டு கால எடுத்தா அடங்குதுன்னா அது கிரவுனும், அத சுத்தற சின்ன பல்சக்கரமான டெயில் பினியனும் ஒழுங்கா கடிக்கலன்னு அர்த்தம், ஏன்னா இழுக்கும்போது பல்லோட ஒரு முகம் வேலை செய்யும், வண்டி தன்னால ஓடும்போது மறுமுகம் வேலை செய்யும். எங்க வண்டில இழுக்கற முகம் தான் போயிருந்துச்சு. பெரியப்பா ஒரே வார்த்தைல சொன்னத கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு.

இதோட எடது பக்க பின் பிரேக் ட்ரம்முக்குள்ள ஆயில் வேற. பிரேக் மிதிச்சா வண்டி வலது பக்கம் இழுக்கும். ரெண்டு தடவ ஹப் ஆயில் சீல் மாத்தினேன், ரெண்டு தடவயும் ஒரு மாசத்துல திரும்ப கசிவு. சீல் மட்டமானதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன், காரணம் அது இல்ல. ஆக்சிலோட வெளி கூடு, அதாவது ஹவுசிங், அது மேல ஒரு சின்ன காத்து துவாரம் இருக்கும், ப்ரீதர்னு சொல்வாங்க, அதுல அம்பது வருஷத்து மண்ணும் கிரீஸும் சேந்து கல்லு மாதிரி அடைச்சிக்கினு இருந்துச்சு. வண்டி ஓட ஓட உள்ள சூடாகி காத்து விரியும், வெளிய போக வழி இல்லன்னா சீல தள்ளிக்கினு ஆயிலோட வெளிய வரும், அவ்ளோ தான். பழைய வண்டி வச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் இன்னிக்கே கீழ படுத்து அந்த துவாரத்துல ஒரு கம்பி விட்டு பாருங்க. காசே இல்லாத வேல.

சரி, கழட்டுறது. காகிதப்பட்டறை பக்கம் ஒரு பாய் பட்டறை இருக்கு, அவரு அந்த காலத்துல அம்பாசிடர் டாக்ஸிகளுக்கே வேல செஞ்சவரு, இப்ப பட்டறைல பாதி நாளு ஆட்டோ தான் நிக்குது. நான் ராணிப்பேட்டைல ஒரு ஷூ கம்பெனில வேல பாக்கறேன், ஞாயித்துக்கெழம மட்டும் தான் லீவு, அதனால "பாய், நான் கழட்டறேன், நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். "தம்பி, கழட்டறது எல்லாரும் கழட்டுவாங்க, கழட்டும்போது பாத்துக்கினே கழட்டணும்"னாரு. மாட்டறப்ப தான் அந்த வார்த்தையோட அருமை தெரிஞ்சுது.

இந்த ஆக்சில்ல ஒரு நல்ல விஷயம், மொத்த ஆக்சிலயும் எறக்காமயே உள்ள கிரவுனும் பினியனும் சேந்து இருக்கற கட்ட, டிப்ரன்ஸுன்னு சொல்வாங்க, அத வெளிய எடுக்கலாம். ட்ரம்ம கழட்டி ரெண்டு ஆக்சில் சாஃப்ட்டயும் வெளிய இழுத்துட்டு, ப்ரொப்பல்லர் சாஃப்ட் ஃபிளாஞ்சுல ரெண்டு பக்கமும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டுட்டு (போடலன்னா திரும்ப மாட்டும்போது இடம் மாறி வண்டி அதிரும்) நாலு போல்ட கழட்டி, ஹவுசிங்க சுத்தி இருக்கற நட்ட எல்லாம் எடுத்தா மொத்த கட்டும் முன்பக்கமா வரும். கீழ படுத்துக்கினு நெஞ்சு மேல அந்த எடைய வாங்கக்கூடாது, ஜாக்கி மேல பலகை வச்சு தான் எறக்கணும். வடிச்ச ஆயில்ல வெள்ளி கலந்த மாதிரி பளபளன்னு இரும்புத்தூள்.

பாய் வேஸ்ட்டால கிரவுன தொடச்சிட்டு கண்ணாடிய மாட்டிக்கினு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் என் கைய புடிச்சு கிரவுன் முகத்துல ஒரு எடத்துல வச்சாரு. அங்க ஊசில கீறின மாதிரி ஒரு நம்பர். பினியன் மூக்குல ஒரு நம்பர். ரெண்டும் வேற வேற.

இது தெரியாதவங்களுக்காக சொல்றேன். கிரவுனயும் பினியனயும் ஃபேக்டரில ஜோடியா ஒண்ணோட ஒண்ணு ஓட விட்டு தேச்சு தான் அனுப்புவாங்க, அதுக்கப்புறம் அந்த ரெண்டும் சாவற வரைக்கும் ஒண்ணா தான் இருக்கணும். ஒரு ஜோடில இருந்து கிரவுனும் இன்னொரு ஜோடில இருந்து பினியனும் போட்டா பல்லு எண்ணிக்க சரியா இருக்கும், சுத்தும், வண்டியும் ஓடும், ஆனா பல்லு மேல பல்லு உக்கார்ற எடம் தப்பா இருக்கும், நாளாக நாளாக ஊளை, அப்புறம் முகத்துல அம்மத்தழும்பு மாதிரி குழி. எங்க பினியன்ல எட்டுல மூணு பல்லு அப்டி இருந்துச்சு. 2003 வாக்குல பெரியப்பா ஒரு பட்டறைல புது செட்டுன்னு காசு குடுத்து மாத்தினாரு, பேரு வேணாம், அவங்க புது பினியன் மட்டும் போட்டுட்டு பழைய கிரவுனயே விட்டுட்டாங்க. முழு செட்டுக்கு காசு வாங்கிட்டு. நாள் முழுக்க ஸ்டேஷன் வாசல்ல நின்னு ஓட்டி சம்பாரிச்ச காசு அது. இத எழுதும்போது கூட எனக்கு கோவம் வருது. பெரியப்பா கிட்ட சொன்னப்ப "போவுது விடு, புள்ளங்களுக்கு சாப்பாட்டுக்கு எடுத்துருப்பான்"னாரு. என்னால அப்டி விட முடியல.

எங்க வண்டில இருந்தது கிரவுன் 39 பல்லு, பினியன் 8 பல்லு. 39 ஐ 8 ஆல வகுத்தா 4.875, அதாவது ப்ரொப்பல்லர் சாஃப்ட் கிட்டத்தட்ட அஞ்சு சுத்து சுத்தினா தான் சக்கரம் ஒரு சுத்து. இந்த ஜோடி புதுசா எங்கயும் கெடைக்கல. வேலூர்ல கேட்டேன், ஆற்காட்டுல கேட்டேன், வாணியம்பாடில ஒருத்தர் வச்சிருக்காருன்னு போய் பாத்தா அதுவும் ஜோடி மாறினது. கடைசியா மெட்ராஸ் புதுப்பேட்டைல ஒரு கடைல மூணு அம்பாசிடர் ஆக்சில் ஒண்ணு மேல ஒண்ணா கெடந்துச்சு.

பிரிக்காமயே இந்த சுத்து கணக்க, அதாவது ரேஷியோவ பாக்க ஒரு வழி இருக்கு. ஒரு பக்க ஹப்ப அசையாம புடிச்சிக்கினு மறுபக்க ஹப்ப முழுசா ரெண்டு சுத்து சுத்தணும், முன்னாடி ஃபிளாஞ்சு எத்தன சுத்து சுத்துதுன்னு சாக்பீஸ் கோடு போட்டு எண்ணணும். ஒரு பக்கம் நின்னா மறுபக்கம் ரெண்டு மடங்கு ஓடும், அதான் டிப்ரன்ஸோட குணம், அதனால தான் ரெண்டு சுத்து. மொத ஆக்சில் அஞ்சுக்கு கொஞ்சம் கம்மி, அதாவது எங்களுது மாதிரியே, ஆனா உள்ள வெளக்கடிச்சு பாத்தா ஒரு பல்லு ஓரம் ஒடஞ்சிருக்கு. ரெண்டாவது ஹவுசிங்கே வளஞ்சிருக்கு. மூணாவது நாலரைக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. கடைக்காரர் பிரிக்க சம்மதிக்கவே இல்ல, முன்பணம் குடுத்து பிரிக்க வச்சேன். பல்ல எண்ணினேன், 41, 9. அதாவது 4.556. கிரவுன்லயும் பினியன்லயும் ஒரே நம்பர். அத பாத்தப்ப வந்த சந்தோஷத்துக்கு பேரம் பேசவே மறந்துட்டேன், ஒம்பதாயிரம் கேட்டாரு, குடுத்துட்டேன்.

ஒரிஜினல் ரேஷியோவ மாத்தறதா வேணாமான்னு ஒரு வாரம் மனசு ஓடிச்சு. 5.90-15 டயர்ல அறுபதுல போகும்போது பழைய ஆக்சில்ல இஞ்சின் நிமிஷத்துக்கு தோராயமா 2400 சுத்து சுத்தும், இதுல 2240 கிட்ட. எண்பதுல போனா எரநூறு சுத்து மிச்சம். பெங்களூரு ரோட்டுல லாரிக்கு நடுவுல போகும்போது இஞ்சின் கத்தாம போறது பெரிய நிம்மதி. ஆனா சும்மா கெடைக்காது, மேட்டுல இழுவ ஏழு பர்சென்ட் கொறையும். இன்னொண்ணு, ஸ்பீடோ மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது, ஆக்சில் மாறினது அதுக்கு தெரியாது, அதனால மீட்டர்ல அறுபது காட்டும்போது உண்மையா அறுபத்துநாலு போயிக்கினு இருக்கும். நான் மீட்டர் கண்ணாடி ஓரத்துல ஒரு சின்ன செவப்பு புள்ளி வச்சிக்கினேன். பெரியப்பா கிட்ட கேட்டேன், அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "சத்தம் நிக்குமா?"

அப்புறம் மூணு ஞாயித்துக்கெழம. ஹவுசிங்க மண்ணெண்ணெய்ல ரெண்டு தடவ கழுவி, உள்பக்கம் குழாய்க்குள்ள துணி கட்டின குச்சிய விட்டு விட்டு இழுத்தோம், கடைசில துணி வெள்ளையா வர வரைக்கும். ஹேண்ட் பிரேக் கம்பி புடிக்கற பிராக்கெட் எடம் இதுல கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு, அத வெட்டி வெல்டிங் வச்சோம், பேரிங் எதுவும் மாட்டறதுக்கு முன்னாடியே. பேரிங் மாட்டினதுக்கு அப்புறம் வெல்டிங் வச்சா கரண்ட் பேரிங் குண்டு வழியா பாஞ்சு முகத்துல பொட்டு பொட்டா சுட்டுடும்.

எனக்கு புடிச்ச வேல பினியன் செட்டிங் தான். பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஒரு வாஷர் இருக்கு, அதோட கனம் தான் பினியன் கிரவுனுக்கு எவ்ளோ கிட்ட போய் நிக்கணும்னு முடிவு பண்ணுது. கனம் பாத்து பாத்து மாத்தணும், ஒவ்வொரு தடவயும் பேரிங்க பிரஸ்ல வச்சு உருவணும், புது பேரிங்க நாலு தடவ உருவினா அது பழசாயிடும். பாய் அதுக்கு ஒண்ணு செஞ்சாரு. பழைய பேரிங்க தூக்கி போடல, அதோட உள்வட்டத்த எமரி காகிதத்தால தேச்சு தேச்சு கையாலயே ஏத்தி எறக்கற மாதிரி ஆக்கிட்டாரு, பழசும் புதுசும் உயரம் ஒண்ணு தானான்னு மைக்ரோமீட்டர்ல பாத்துட்டு அத வச்சே எல்லா சோதனையும் செஞ்சோம். சிப்காட்ல ஒரு லேத் பட்டறைல இருக்கற நண்பன் நுணுக்கமா ஆட்டம் அளக்கற டயல் கேஜ் குடுத்தான்.

கிரவுன் பல்லு மேல ப்ளூன்னு சொல்ற நீல மை தடவி, ஒரு கையால கிரவுன புடிச்சு தடுத்துக்கினே பினியன சுத்தினா கடிக்கற எடத்துல மட்டும் ப்ளூ அழிஞ்சு ஒரு தடம் விழும். மொத தடவ தடம் பல்லு நுனில விழுந்துச்சு, பினியன் தள்ளி நிக்குதுன்னு அர்த்தம், கனமான வாஷர் போட்டோம். ரெண்டாவது தடவ பல்லோட அடில போயிடுச்சு, ஓவரா கிட்ட போயிருக்கு. மூணாவதுல நடுவுக்கு வந்துச்சு, ஆனா வெளி ஓரமா சாஞ்சு இருந்துச்சு, அதுக்கு வாஷர தொடக்கூடாது, கிரவுன நகத்தணும். கிரவுன் கட்டுக்கு ரெண்டு பக்கமும் ஷிம்னு மெல்லிசு தகடு இருக்கும், ஒரு பக்கம் எடுத்தத மறுபக்கம் போடணும், மொத்த கனம் மாறக்கூடாது, மாறினா பேரிங் இறுக்கம் மாறிடும். கிரவுன்லயே பல்லுக்கு பல்லு எவ்ளோ இடைவெளி, அதாவது ப்ளே வேணும்னு கீறியிருக்கும், எங்களுதுல 6 தௌ, அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல ஆறு பங்கு. டயல் கேஜ் முள்ளு ஆறுல வந்து நின்னப்ப சாயங்காலம் ஆறரை மணி, மே மாசம், பட்டறைல ஃபேன் இல்ல, வேலூர் வெயிலு பத்தி நான் சொல்லணுமா, சட்ட பிழிஞ்சா தண்ணி வரும். தடம் பல்லுக்கு நடுவுல, கொஞ்சமே கொஞ்சம் உள் ஓரத்துக்கு கிட்ட, வாழைப்பழ தோல் துண்டு மாதிரி நீளமா விழுந்துச்சு. லோடு ஏறும்போது அது தன்னால வெளிப்பக்கம் நகரும்னு பாய் சொன்னாரு. நான் அத போன்ல ஃபோட்டோ எடுத்து பெரியப்பாவுக்கு காட்டினேன், அவரு போன கண்ணுக்கு கிட்ட வச்சிக்கினு தலைய ஆட்டினாரு.

புது பேரிங் நாலும், மூணு ஆயில் சீலும், பேக்கிங்கும் போட்டு முடிச்சோம். ப்ரீதர் புதுசு. ஆக்சில் மாத்தறது ஒரே நாள்ல முடிஞ்சுது, பழசுல ஆக்சில லீஃப் பட்டையோட சேத்து புடிக்கற யூ போல்ட கழட்டி, பிரேக் பைப்ப கழட்டி, ஷாக்க கழட்டி ஒரு பக்கமா உருவினோம். யூ போல்ட் பழச திரும்ப போடக்கூடாது, ஒரு தடவ இழுபட்டது திரும்ப அதே இறுக்கம் புடிக்காது. லீஃப் பட்டைன்னு சொல்ற பின் ஸ்பிரிங்கோட ரப்பர் புஷ் நட்ட வண்டி ஜாக்கில தொங்கும்போது இறுக்கக்கூடாது, சக்கரம் தரைல உக்காந்து வண்டி எடை ஏறினதுக்கு அப்புறம் தான் இறுக்கணும், இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கினே இருந்து சீக்கிரம் கிழியும். இத நான் முன்ன ஒரு தடவ தப்பா செஞ்சு ஆறு மாசத்துல புஷ் போச்சு.

ஆயில் ஈ.பி. 90 தான். இந்த கிரவுன் பினியன் ஹைப்பாய்டு டைப்பு, பினியன் கிரவுனோட நடு கோட்டுக்கு கீழ தள்ளி நிக்கும், அதனால பல்லு உருள்றதோட வழுக்கவும் செய்யும், சாதாரண ஆயில் அந்த அழுத்தத்துல கிழிஞ்சிடும். மோந்து பாத்தா கந்தக வாட அடிக்கும், அந்த கந்தகம் தான் பல்ல காப்பாத்துது. லெவல் ப்ளக்ல வழியற வரைக்கும் ஊத்தினா போதும்.

மொத பத்து கிலோமீட்டர் பாகாயம் வரைக்கும் போய் வந்து கீழ படுத்து பினியன் மூக்க தொட்டு பாத்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு, கைய வச்சிக்க முடிஞ்சுது. கைய வைக்க முடியலன்னா பேரிங்க ஓவரா இறுக்கியிருக்கோம்னு அர்த்தம். அடுத்த வாரம் அமிர்தி. அதுக்கு அடுத்த வாரம் பெரியப்பாவ பின்சீட்ல உக்கார வச்சிக்கினு ஏலகிரி.

பள்ளிகொண்டா தாண்டினப்ப அறுபது. அம்பத்தஞ்சுல இருந்து எழுபது வரைக்கும் மெதுவா ஏத்தினேன், என் காது முழுக்க பின்னாடி தான் இருந்துச்சு. டயர் சத்தம், ஜன்னல் ஓரம் காத்து சத்தம், வேற ஒண்ணும் இல்ல. ஏலகிரில பதினாலு ஊசி வளைவு, பழைய ஆக்சில்ல செகண்ட்ல ஏறின எடத்துல இப்ப ரெண்டு மூணு வளைவுல ஃபர்ஸ்ட் கேட்டுச்சு, அத ஒத்துக்கறேன். மலைலயே குடியிருக்கறவங்க 39/8 ஆ வச்சிக்கறது தான் நல்லது. நாங்க இருக்கறது ஹைவே ஓரத்துல. எறங்கி ஆம்பூர்ல சாப்ட்டுட்டு திரும்பும்போது கண்ணாடில பாத்தேன், பெரியப்பா தல சீட்டுல சாஞ்சிருக்கு, வாய் கொஞ்சம் தெறந்திருக்கு. இந்த வண்டில அவரு தூங்கி நான் பாத்ததே இல்ல, முன்சீட்ல உக்காந்தாலும் பின்சீட்ல உக்காந்தாலும் எதையாவது கேட்டுக்கினே வருவாரு. நான் எழுபதுலயே வச்சு வேலூர் வரைக்கும் ஓட்டிக்கினு வந்துட்டேன்.

போன வாரம் ஐநூறு கிலோமீட்டர் ஆச்சு. யூ போல்ட் நாலயும் திரும்ப இறுக்கினேன், ரெண்டு நட்டு கால் சுத்து வாங்கிச்சு. ஆயில வடிச்சு வெள்ளை தட்டுல ஊத்தி வெயில்ல வச்சு பாத்தேன், புது பல்லு உக்கார்ற மெல்லிசு சாம்பல் தவிர துணுக்கு எதுவும் இல்ல, ட்ரம் ரெண்டும் காஞ்சு கெடக்கு. பழைய ஆக்சில் ஹவுசிங்கும் சாஃப்ட்டும் நல்லா இருக்கு, ஆயில் பூசி சாக்குல சுத்தி வீட்டு பின்னாடி தண்ணி தொட்டி ஓரமா வச்சிருக்கேன். 39/8 ஜோடி யார் கண்ணுலயாவது பட்டா சொல்லுங்க, வெல பத்தி அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கான்னு மட்டும் தொடச்சு பாத்துட்டு சொல்லுங்க.